ஏப்ரலில் மட்டும் பூக்கும் பள்ளத்தாக்கு: ஷெங்க்ஸ் ஃபெர்ரிக்குப் போவதற்கு முன்

பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் கவுண்டியின் தெற்கு ஓரம், சஸ்குவஹான்னா ஆற்றை ஒட்டிய குன்றுகளுக்குள் ஒளிந்து கிடக்கிறது ஷெங்க்ஸ் ஃபெர்ரி காட்டுப்பூக் காப்பகம். மொத்தப் பரப்பே ஏறத்தாழ 50 ஏக்கர்தான். நடுவில் க்ரப் ரன் என்ற சிற்றோடை, இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவு, ஓடையோரமாக ஒரு நடைபாதை, அவ்வளவுதான். ஆனால் வசந்தத்தில் மட்டும் 70க்கும் மேற்பட்ட வகைப் பூக்கள் இங்கே பூக்கின்றன. "சின்ன இடம்தானே, ஒரு சனிக்கிழமை காலையில் காரை எடுத்தால் முடிந்தது" என்று நினைக்க வைப்பதுதான் இந்த இடத்தின் பெரிய ஆபத்து. தவறான வாரத்தில் போய் நின்றால் வெறும் பச்சைப் புதர்தான் வரவேற்கும். நியூ ஜெர்சி போன்ற இடத்திலிருந்து போகவர டோல், பெட்ரோல், ஒரு நாள் லீவு எல்லாம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். போதாக்குறைக்கு வீடு திரும்பியபின் முழங்கால் மடிப்பில் ஓர் உண்ணியைக் கண்டால் அடுத்த சில வாரத் தூக்கமும் போச்சு. இதையெல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. போவதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா என்று எரிச்சல்பட்ட விஷயங்களை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஏன் அந்த வாரம் அவ்வளவு முக்கியம் என்பது புரிய வேண்டும். இங்கே பூக்கும் செடிகளில் பெரும்பாலானவை மரத்தடிச் செடிகள். கோடையில் டியூலிப் பாப்லர், மேப்பிள் போன்ற மரங்கள் இலை விட்டுவிட்டால் தரைக்கு வருகிற வெயில் சில சதவீதமாகக் குறைந்துவிடும். அதற்குள் முளைத்து, பூத்து, விதை வைத்து, அடுத்த ஆண்டுக்கான மாவுச்சத்தைக் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். குளிர் விலகுவதற்கும் மரம் தழைப்பதற்கும் நடுவே கிடைக்கும் சில வாரங்கள்தான் அவற்றின் முழு வருஷ வாழ்க்கை. விர்ஜீனியா ப்ளூபெல் ஏப்ரலில் ஓடைக்கரை முழுவதும் நீலமாக நிற்கும். ஜூன் நடுவில் அதே இடத்துக்குப் போனால் இலைகூட மஞ்சளித்து மண்ணுக்குள் போயிருக்கும், செடி இருந்த அடையாளமே தெரியாது. அதனால்தான் "மே மாதம் நல்ல வெயில், அப்போது போகலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. உடம்புக்கு இதமான நாள் வரும்போது காட்சி முடிந்திருக்கும்.

எல்லாம் ஒரே நாளில் பூப்பதும் இல்லை. தெற்குப் பென்சில்வேனியாவில் சாதாரண ஆண்டாக இருந்தால், மார்ச் கடைசியில் ப்ளட்ரூட்டும் ஹெபாடிகாவும் தொடங்கும். ஏப்ரல் முதல் பாதியில் ஸ்பிரிங் பியூட்டி, டச்மன்ஸ் பிரீச்சஸ், ட்ரௌட் லில்லி. ஏப்ரல் நடுவிலிருந்து கடைசி வாரம் வரை ப்ளூபெல்லும் ட்ரில்லியமும். மே முதல் வாரத்தையொட்டி வைல்ட் ப்ளூ ஃப்ளாக்ஸ், ஜாக்-இன்-தி-பல்பிட், மே ஆப்பிள். ஒரே தடவைதான் போக முடியும் என்றால் ஏப்ரல் 15க்கும் 27க்கும் இடைப்பட்ட ஒரு நாளைப் பிடியுங்கள். முன் வரிசையின் கடைசிப் பூக்களும் பின் வரிசையின் முதல் பூக்களும் அப்போது சேர்ந்து கிடைக்கும். இரண்டு தடவை போக முடிந்தால் ஏப்ரல் முதல் வாரம் ஒன்று, கடைசி வாரம் ஒன்று. ப்ளட்ரூட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் ப்ளூபெல் கூட்டத்தோடு போனால் ஏமாந்துபோவார்கள். அதன் வெள்ளை இதழ்கள் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும், ஒரு பலத்த மழை பெய்தால் அதற்கும் முன்னாலேயே கொட்டிவிடும்.

இந்தத் தேதிகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மார்ச்சில் தொடர்ந்து சூடாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நகரும். ஏப்ரல் குளிர்ந்தே கிடந்தால் பின்னால் போகும். வீட்டிலிருந்தபடியே கணிக்க எளிதான வழி தெருவோர மரங்களையும் புதர்களையும் பார்ப்பது. ஃபோர்சிதியாப் புதர் மஞ்சளாகப் பூத்துவிட்டால் காட்டுக்குள் ப்ளட்ரூட் காலம். ரெட்பட் மரங்கள் இலையில்லாத கிளைகளில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்போது ப்ளூபெல் காலம். ஒன்று மட்டும் கவனம்: உங்கள் தெரு மரத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், லங்காஸ்டர் பக்கத்து மரம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வட நியூ ஜெர்சியும் தெற்கு லங்காஸ்டரும் ஒரே நாளில் பூப்பதில்லை, தெற்கு முந்திக்கொள்ளும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் செடி, பூச்சிகளின் படங்களை யார் வேண்டுமானாலும் ஏற்றும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இந்த இடத்தைத் தேடி, தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். போன வாரம் யாராவது ஏற்றிய படங்களில் ப்ளூபெல் மொட்டாக இருக்கிறதா, மலர்ந்திருக்கிறதா, கீழே உதிர்ந்து கிடக்கிறதா என்பது தெரிந்துவிடும். மொட்டு இளஞ்சிவப்பு, மலர்ந்தது நீலம். படத்தில் பாதிக்குப் பாதி இருந்தால் அடுத்த நான்கைந்து நாட்களில் கிளம்பிவிடலாம். எல்லாமே நீலமாக இருந்து தரையில் இதழ்க்குழல்கள் உதிர்ந்து கிடந்தால் கிளம்புவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

வாரத்தைப் பிடித்தபிறகு நாளையும் நேரத்தையும் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங் பியூட்டியும் ப்ளட்ரூட்டும் வெயில் பட்டால்தான் விரியும், மேகமூட்டமான நாளிலும் அதிகாலையிலும் மூடியே இருக்கும். காலை ஏழு மணிக்குப் போய் "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப் போனவர்கள் நின்ற இடத்திலேயே பதினொரு மணிக்கு ஆயிரக்கணக்கில் விரிந்து கிடக்கும். ப்ளூபெல்லும் ட்ரில்லியமும் அப்படி மூடிக்கொள்வதில்லை. படம் எடுப்பவர்களுக்கு அவை மங்கலான வெளிச்சத்தில்தான் நன்றாக வரும், நடுப்பகல் வெயிலில் நீலம் வெளுத்துவிடும். என் யோசனை: ஒன்பதுக்கு இறங்கி முதலில் ப்ளூபெல்லைப் படம் எடுங்கள், திரும்பி வரும் வழியில் பதினொன்றுக்கு மேல் சின்னப் பூக்களைப் பாருங்கள். முந்தின நாள் பெருமழை பெய்திருந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஓடையோர மண் வழுக்கும், சரிவிலிருந்து வடியும் தண்ணீர் பாதையைச் சேறாக்கிவிடும்.

பாதையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி எச்சரிக்கை மிச்சம். கடைசி மைல்கள் ஜல்லிச் சாலை. குறுகல், சில இடங்களில் ஒரு கார்தான் போகலாம். ஆற்றுப் பக்கமாக வந்தால் பழைய ரயில் பாதைக்கு அடியில் ஒற்றை வழிச் சுரங்கம் ஒன்றைக் கடக்க வேண்டும். எதிரில் வெளிச்சம் தெரிகிறதா என்று நின்று பார்த்து, ஹாரன் அடித்துவிட்டு நுழையுங்கள். எதிரே வண்டி வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் தயங்குபவர் ஸ்டியரிங்கில் இருந்தால் பூ பார்க்கும் மனநிலையே போய்விடும். வாடகைக் காரில் போகிறவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். தார் போடாத சாலையில் நேரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும், ஒரு கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில். பள்ளத்தாக்குக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு இது சம்பிரதாயம் இல்லை. சரிவில் கணுக்கால் பிசகினால் கூப்பிட வழியில்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பயமான காரியம் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

வண்டி நிறுத்த இடம் மிகக் கொஞ்சம். ப்ளூபெல் வாரத்து சனி, ஞாயிறுகளில் பத்து மணிக்குள் நிரம்பிவிடும். பிறகு வருகிறவர்கள் சாலையோரம் ஒதுக்கி, பாதிச் சாலையை மறித்து, எல்லோரையும் சிக்க வைப்பார்கள். முடிந்தால் வாரநாளில் போங்கள். செவ்வாய் அல்லது வெள்ளி என்றால் இன்னொரு வசதி: லங்காஸ்டர் நகரத்து சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனிதான் திறந்திருக்கும், திரும்பும் வழியில் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ் மக்களின் (கார் ஓட்டாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்) கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும், அவற்றை நம்பிப் பசியோடு வராதீர்கள். வருகிற வழியில் அவர்களுடைய குதிரை வண்டிகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் திடீரென்று முன்னால் நிற்கும், வேகத்தைக் குறைத்தே வாருங்கள். காப்பகத்தில் கழிப்பறையோ குடிநீரோ இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் கடைசியாகப் பெட்ரோல் போடும் இடத்திலேயே அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. புளிச்சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வந்தால் காரிலேயே சாப்பிட்டு, குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

உடுப்பைப் பற்றி ஒரு வாரம் முன்பே யோசிக்க வேண்டும், காரணம் உண்ணி. அமெரிக்காவில் உண்ணிக் கடியால் வரும் லைம் என்ற பாக்டீரியா நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியா முன்வரிசையில் இருக்கிறது. அதைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் வளர்ந்த பருவம் எள் அளவு, இளம் பருவம் கசகசா அளவு. வெப்பநிலை உறைநிலைக்கு மேலே ஏறினாலே வளர்ந்த உண்ணிகள் வேலையைத் தொடங்கிவிடும், எனவே "ஏப்ரல்தானே, பூச்சி இருக்காது" என்பது தப்புக் கணக்கு. மே தொடங்கி ஜூலை வரை கண்ணுக்கே தட்டுப்படாத இளம் உண்ணிகள் சேர்ந்துகொள்ளும். 0.5 சதவீத பெர்மெத்ரின் (துணிக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி) தெளிப்பான் வாங்கி, ஷூ, சாக்ஸ், பேண்ட் மூன்றிலும் நனையும்படி அடித்து, வெளியில் நன்றாகக் காயவிட்டு எடுத்து வையுங்கள். ஒருமுறை அடித்தால் ஏறக்குறைய ஆறு வாரம் அல்லது ஆறு சலவை வரை தாங்கும். இதைத் தோலில் அடிக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு விஷம். மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் விஷம் என்பதால் ஓடைக்கரையில் வந்து நின்று அடிக்கவே கூடாது, வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு வர வேண்டும். தோலுக்கு 20 சதவீத பிகாரிடின் அல்லது டீட் உள்ள பூச்சி விரட்டி. வெளிர் நிற முழு பேண்ட், அதன் கீழ் ஓரத்தை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. உண்ணி மரத்திலிருந்து குதிப்பதில்லை, புல்லிலிருந்தும் சருகிலிருந்தும் காலில் தொற்றி மேலே ஏறுகிறது, அந்த வழியை அடைப்பதுதான் வேலை.

நடை என்று பார்த்தால் ஓடையோரப் பாதை எளிது. பெரும்பாலும் மட்டமானது, வயதானவர்களும் மெதுவாகப் போகலாம். பக்கத்தில் சரிவேறிப் போகும் பாதைதான் மூச்சு வாங்கும். ஆறு வயதுக்குக் கீழ் குழந்தையும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் கூட இருந்தால் சரிவுப் பாதையை விட்டுவிடுங்கள். பூவும் கீழேதான் அதிகம். வேகமாக நடக்கிறவருக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் பாதை இது, பூ பார்க்கிறவருக்கு மூன்று மணி நேரம் போதாது. எதிரெதிர்ச் சரிவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வெயில் நேராக விழும் தெற்கு பார்த்த சரிவில் ஒரு வகை உதிர்ந்து முடிந்திருக்கும்போது, எதிர்ப்பக்கம் வடக்கு பார்த்த நிழல் சரிவில் அதே வகை இப்போதுதான் மலர்ந்திருக்கும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்குவதால் ஓடையின் அடிமட்டத்திலும் சில செடிகள் பின்தங்கும். ஒரு பூவைத் தவறவிட்டேன் என்று வருத்தப்படுமுன் நிழல் பக்கத்தைத் தேடுங்கள்.

டச்மன்ஸ் பிரீச்சஸ் செடிக்குப் பக்கத்தில் பாதையிலேயே உட்கார்ந்து ஒரு பூவைக் கிட்டத்தில் பாருங்கள். பெயரில் இருக்கும் கால்சட்டை அப்போது புரியும்: வெள்ளைப் பூ தலைகீழாகத் தொங்கும், இரண்டு குழல் கால்கள் மேலே, மஞ்சள் இடுப்புப் பட்டை கீழே. தேன் அந்தக் கால்களின் நுனியில் இருக்கிறது. குளிர்காலம் முடிந்து அப்போதுதான் எழுந்த ராணி பம்பிள் தேனீக்குத்தான் அதை எட்டும் நீளத்தில் நாக்கு உண்டு. பூவைப் பிளந்து உள்ளே நாக்கை விடும்போது மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. நாக்கு எட்டாத வேறு சில தேனீக்கள் வெளியிலிருந்தே கால் நுனியைக் கடித்து ஓட்டை போட்டுத் தேனைத் திருடிவிடும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் பழுப்பு விளிம்போடு அந்த ஊசித் துளைகள் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் சாதாரண கைலென்ஸ் ஒன்று பையில் இருந்தால் விலையுயர்ந்த கேமராவைவிட இங்கே அதிகம் பயன்படும்.

சில பூக்களை இலையைத் தூக்காமல் பார்க்க முடியாது. வைல்ட் ஜிஞ்சர் இதய வடிவ இலைக்கு அடியில், மண்ணோடு மண்ணாக, கருஞ்சிவப்புக் குடுவை ஒன்றை ஒளித்து வைத்திருக்கும். விரல் நுனியால் சருகை மெல்ல ஒதுக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப மூடிவிடுங்கள். மே ஆப்பிளில் ஒற்றை இலைத் தண்டுகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அவை பூப்பதில்லை. இரண்டாகக் கவைத்த தண்டின் கவட்டில்தான் ஒற்றை வெள்ளைப் பூ கவிழ்ந்து தொங்கும். அதன் இலையும் வேரும் காயும் விஷம், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். ட்ரௌட் லில்லியிலும் அதே கதை: புள்ளி போட்ட ஒற்றை இலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், இரட்டை இலை உள்ள செடியில்தான் மஞ்சள் பூ. ஒற்றை இலைச் செடி பூக்கும் வயதுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஈரமான இடங்களில் பளபளக்கும் மஞ்சள் பூக்கள் பாயாக விரித்திருந்தால் உடனே மயங்கிவிட வேண்டாம். கிழக்கு மாநிலங்களின் ஓடைக்கரைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் லெஸ்ஸர் செலண்டைன் என்ற அன்னியக் களையாக இருக்கலாம். பூண்டு வாசம் அடிக்கும் கார்லிக் மஸ்டர்டும் அப்படித்தான். இவை இடத்தை அடைத்தால் உள்ளூர்ப் பூக்கள் போய்விடும். அதற்காக நீங்களே பிடுங்க ஆரம்பிக்க வேண்டாம், நிலம் லங்காஸ்டர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புடையது. களையெடுக்கத் தன்னார்வலர்கள் வேண்டுமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுப் போகலாம்.

பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகை வைத்தால் நம்மவர்களுக்கு ஒரு அடிதானே என்று தோன்றும். குடும்பப் படம் எடுக்கப் பூவுக்கு நடுவில் குழந்தையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ட்ரில்லியம் விதையிலிருந்து முதல் பூ வைக்க ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் ஆகிறது. அதன் மூன்று இலைகள்தான் அந்த ஆண்டு முழுமைக்கும் சமையலறை, பூவோடு இலையும் ஒடிந்தால் கிழங்கு பட்டினி, செடி சாகவும் கூடும். ப்ளட்ரூட், டச்மன்ஸ் பிரீச்சஸ், வைல்ட் ஜிஞ்சர், ட்ரில்லியம் எல்லாவற்றின் விதையிலும் கொழுப்புச் சதை ஒன்று ஒட்டியிருக்கும். அதற்காக எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகிறது, சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போடுகிறது, அங்கே முளைக்கிறது. எறும்பு இழுக்கும் தூரம் சில மீட்டர்தான். மிதித்து அழிந்த ஓர் இடத்துக்குக் காற்றோ பறவையோ புது விதை கொண்டுவராது என்பதால் அது திரும்ப நிறைவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். பாதையில் சேறு இருந்தால் ஓரமாகச் சுற்றாமல் சேற்றுக்குள்ளேயே நடங்கள். ஓரமாகச் சுற்றச் சுற்றத்தான் பாதை அகன்று பூக்களைத் தின்கிறது. பழைய ஷூ போட்டு வந்தால் இதில் மனவருத்தம் இருக்காது.

ஓரமாக ஒதுங்காமல் இருக்க இன்னொரு காரணம் பாய்சன் ஐவி. ஊரில் சேங்கொட்டைப் பால் பட்டுப் புண்ணானவர்களைத் தெரியுமா? இது அதே குடும்பம். முந்திரித் தோட்டின் எண்ணெயும், மாங்காய்ப் பாலும் சிலருக்கு அரிப்பு உண்டாக்குவது இதே வகை ரசாயனத்தால்தான். மாங்காய்ப் பால் பட்டாலே உதடு வீங்குகிறவர்கள் இங்கே இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருங்கள். மூன்று மூன்றாக இலை, நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு. ஏப்ரலில் துளிர் செம்பழுப்பாகப் பளபளக்கும், கோடைப் படங்களில் பார்த்த பச்சையைத் தேடினால் தவறவிட்டுவிடுவீர்கள். இலையே இல்லாத காலத்தில் மரத்தில் ஏறியிருக்கும், மயிர் மூடிய கயிறு போன்ற கொடியைத் தொடாதீர்கள், அதிலும் எண்ணெய் இருக்கிறது. பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், காரில் ஒரு கேன் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் இருக்கட்டும். எண்ணெய் ஷூ லேஸிலும் பைப் பட்டையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டி வீடு வரை வரும். தடிப்பு அரை நாளிலிருந்து இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும் என்பதால் எங்கே பட்டது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பூவில் ஆர்வமில்லாமல் கூட வந்தவர்களுக்குச் சொல்ல இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு கதை உண்டு. 1906 ஜூன் 9 அன்று இங்கே இருந்த டைனமைட் தொழிற்சாலை வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஆற்றோரக் குன்றுகளைத் தகர்த்துப் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனம் சரக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது, வெடிமருந்து அந்த வேலைக்காகத்தான். அந்தப் பாதைதான் இன்று ஈனோலா லோ கிரேட் என்ற நடை, சைக்கிள் பாதை. அதில் உள்ள சேஃப் ஹார்பர் பாலம் 2022ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தேதி தவறிப் போய்ப் பூ கிடைக்காவிட்டாலும் நாளைக் காப்பாற்ற அந்தப் பாலம் போதும். பெயர்ப் பலகை வைத்து யாராவது காட்டிக் கொடுத்தால்தான் பூக்களை அடையாளம் தெரியும் என்பவர்கள் முதல் தடவை ஷெங்க்ஸ் ஃபெர்ரிக்கே வர வேண்டியதில்லை. பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊருக்குப் பக்கத்தில் பிட்காக் ஓடைக்கரையில் 1934ல் தொடங்கிய போமன்ஸ் ஹில் காட்டுப்பூக் காப்பகம் இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் நியூ ஜெர்சிக்காரர்களுக்குப் பக்கம், கழிப்பறைத் தொல்லையும் இல்லை. அங்கே பத்துப் பூக்களைப் பழகிக்கொண்டு, அடுத்த ஏப்ரலில் இங்கே வாருங்கள்.

வீடு திரும்பியதும் நேராகக் குளியலறைக்கு. உடுத்தியவற்றைத் துவைக்கும் மெஷினில் போடாமல் முதலில் ட்ரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீரில் உண்ணி சாகாது, உலர்ந்த சூட்டில் சாகும். இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிடுங்கள், அப்போது அக்குள், தொப்புள், காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை இறுக்கும் இடம், தலைமுடிக்குள் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். நீளக் கூந்தல் இருந்தால் ஈர்கொல்லிச் சீப்பு உதவும். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், சீராக மேல்நோக்கி இழுத்து எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவுவது, நெயில் பாலிஷ் பூசுவது, தீக்குச்சியால் சுடுவது எதுவும் வேண்டாம். உண்ணி தானாக விழும் வரை காத்திருப்பதில் நேரம்தான் போகும், அந்த நேரம்தான் ஆபத்து. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் லைம் கிருமி உடலுக்குள் போகும், ஆகவே அன்றே எடுத்துவிட்டால் பாதிக் கவலை போயிற்று. எடுத்த உண்ணியைத் தேதி எழுதிய ஜிப்லாக் பையில் போட்டு வையுங்கள்.

ரத்தம் குடித்து உப்பியிருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பேசுங்கள். சிலருக்கு ஒரே வேளை டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடுப்பாகக் கொடுப்பார்கள், அந்தக் கெடு தாண்டினால் அந்த வாய்ப்பு இல்லை. வார இறுதியில் பதறிப்போய் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினால் பில் வரும்போதுதான் உண்மையான கடி தெரியும். உண்ணியையும் கடித்த இடத்தையும் படம் எடுத்து, வழக்கமான டாக்டரின் ஆன்லைன் போர்ட்டலில் அனுப்பினால் பல நேரம் அதே மருந்துச் சீட்டு கிடைத்துவிடும். காய்ச்சலோ முகவாதமோ நெஞ்சுப் படபடப்போ ஏதாவது ஒன்று இருந்தாலும் போர்ட்டலுக்குக் காத்திருக்க வேண்டாம். லைம் நோயின் தடிப்பு, உண்ணி கடித்து மூன்று நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வரும். இணையத்தில் காட்டும் வெள்ளைத் தோல் படங்களில் சிவப்பு வளையம் பளிச்சென்று தெரியும். நம் நிறத்தில் அது கருஞ்சிவப்பாகவோ, லேசான காயக் கறையாகவோ, வளையமே இல்லாமலோ இருக்கலாம், அதனால் கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். பேனாவால் விளிம்பைக் கோடு போட்டு வைத்து, இரண்டு நாளில் கோட்டைத் தாண்டி விரிகிறதா என்று பாருங்கள். முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வருவது சகஜம், எதிர்ப்பொருள் உருவாகவே நேரம் பிடிக்கும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். தடிப்பு விரிகிறது என்றால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே மருந்து தொடங்கலாமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள், எந்த நாள் எந்தக் காட்டுக்குப் போனீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.